ஒருதரம் மட்டுமே கேட்டவர்

மகேஸ் மச்சாள் காலமான செய்தி பஸ்ஸில் வைத்துத்தான் எனக்குக் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் துவைத்து மடித்த நைட்டி இரண்டு, ஒரு சீப்பு, அவருடைய மூக்குக்கண்ணாடி. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு மூக்குக்கண்ணாடி எதற்கு என்று தாதி கேட்டிருந்தார். கண்ணைத் திறந்தால் முதலில் அதைத்தான் தேடுவார் என்று எனக்குத் தெரியும். பம்பலப்பிட்டி நெரிசலில் பஸ் அசையாமல் நின்றபோது என் கணவர் சிறி அழைத்தார்.

"வசந்தி, அக்கா போயிட்டா" என்றார்.

"ஆ... சரி" என்றேன். வேறென்ன சொல்வது? கண்டக்டர் பக்கத்தில் வந்து "அக்கே, பஹின்னே நத்த?" என்று, இறங்கவில்லையா எனச் சிங்களத்தில் கேட்டபோதுதான் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது தெரிந்தது. இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறோம், கூடவே இருந்தவர் நீங்கள்தானே, நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று குடும்பத்தில் கேட்டார்கள். "அவவின்ர பக்தியைப் பற்றி வடிவா எழுதுங்கோ" என்றும் சொன்னார்கள். வடிவாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் தட்டிவிட்டுப் போகலாம், அடுத்த பக்கத்தில் தேவாரம் இருக்கும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மகேஸ்வரி என் கணவரின் மூத்த சகோதரி. கலியாணம் செய்யாதவர். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டச்சாளராகச் சேர்ந்து, முகாமையாளரின் செயலாளராக ஓய்வு பெற்றார். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடி பிளாட்டில், நான் மருமகளாக வந்த நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்தோம். குசினியும் ஒன்றுதான். அந்தக் குசினியில் ஒருநாளும் சட்டி பறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் என் பொறுமை அல்ல. என்னை அறிந்தவர்களுக்கு இது தெரியும்.

மச்சாள் பிள்ளையாரைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டார். நான் மிகைப்படுத்தவில்லை. கேட்பது என்றால் மனதுக்குள் முணுமுணுப்பது அல்ல, பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூ, இன்னொரு வெற்றிலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே அளவாக மடித்து நூலால் கட்டி, குலுக்கி, சுவாமித் தட்டில் படத்துக்கு முன்னால் வைப்பார். எது எதுவென்று தெரியாத ஒருவர் வந்து ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. கடதாசியில் சுற்றுகிறவர்களை மச்சாளுக்குப் பிடிக்காது. கடதாசியில் சிவப்பு ஊறித் தெரியும், தெரிந்த பிறகு எடுப்பது கேள்வி அல்ல, கள்ளம் என்பார்.

இன்னுமொரு விதி அவருக்கு இருந்தது. ஒரு விஷயத்துக்கு ஒருதரம்தான் கேட்பார். வந்த பூ பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதோடு சரி. பூக்கட்டிப் பார்க்கிற சனம் கொழும்பில் ஏராளம், ஆனால் இந்த விதியை வைத்திருந்த இன்னொருவரை நான் காணவில்லை.

நானோ கொட்டாஞ்சேனைக்காரி. எங்கள் பக்கத்தில் கோயிலும் உண்டு, மாதா கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. சின்ன வயதில் ஒரு இடத்தில் கற்பூரமும் ஒரு இடத்தில் மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு, கேட்கிறவர் கேட்கட்டும் என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். கடவுளுக்கு ஆயிரம் வேலை, என் வீட்டுக் காரியத்துக்கு அவரை இழுப்பது நியாயமில்லை என்பது என் கட்சி. இப்படிப்பட்டவளை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே மச்சாளின் பூதான் என்பது வேறு கதை.

சிறிக்கு என்னைப் பேசியபோது மாமிக்கு, அதாவது சிறியின் தாயாருக்கு, துண்டாக விருப்பமில்லை. கொழும்பிலே பிறந்து வளர்ந்த பெட்டை, வாய் நீளம் என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். மச்சாள் பூ வைத்திருக்கிறார். வெள்ளை வந்திருக்கிறது. எதற்கும் திரும்ப ஒருக்கால் வைத்துப் பார் என்று மாமி நச்சரித்திருக்கிறார். மச்சாள் மறுத்துவிட்டார். பிறகு இதை எனக்குச் சொல்லும்போது சிரித்தார். "பிடிக்காட்டித் திரும்பக் கேக்கிறதெண்டா, முதல் என்னத்துக்குக் கேட்டது? பிள்ளையாரோட என்ன மரக்கறிக் கடையே நடக்குது, விலை பேச?" என்றார்.

பூவை எடுக்க ஆள் வேண்டுமே. மாமிக்கு முழங்கால் வலி, சிறிக்கு வெட்கம், எனக்கு நக்கல். ஆகவே வாசலுக்கு வருகிறவர்களெல்லாம் எடுத்தார்கள். ஒருநாள் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த சிங்களப் பொடியனை "மல்லி, பொட்டக் எண்டக்கோ" என்று உள்ளே கூப்பிட்டு, "எகக் கண்ட" என்று, ஒன்றை எடுக்கும்படி தட்டைக் காட்டினார். அவன் கோயில் பிரசாதம் என்று நினைத்து இரண்டு கையாலும் பக்தியோடு வாங்கி, வெற்றிலையைப் பிரித்து வாயில் போடப் போய்விட்டான். நான் குசினிக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மச்சாள் சிரிக்கவில்லை. சிவப்பு வந்திருந்தது. கம்பனியில் சிங்கப்பூர்க் கிளைக்கு அனுப்பக் கேட்டிருந்தார்கள், அதற்குத்தான் கேட்டிருக்கிறார். மறுநாள் போய் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்குப் பதிலாகப் போன பெண் இப்போதும் அங்கேதான், நல்லாக இருக்கிறார்.

யுத்த காலத்தில் நாங்களெல்லாம் காலைச் செய்தியைக் கேட்டுவிட்டு வெளியே இறங்குவதா விடுவதா என்று முடிவெடுப்போம். மச்சாள் பூவைக் கேட்டுவிட்டு இறங்குவார். அப்படி வெள்ளை வந்து இறங்கிய ஒருநாள், சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, தமிழ் ஆட்களை இறக்கிப் பின்னேரம் வரைக்கும் வெயிலில் இருத்திவிட்டார்கள். பொழுதுபடத்தான் வந்து சேர்ந்தார். செருப்பு வார் அறுந்து, முகமெல்லாம் கறுத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போ எண்டு சொன்ன உங்கட பிள்ளையார் அங்கை வந்து உங்களோட வெயிலுக்க இருந்தவரோ?" என்று கேட்டேன்.

"போ எண்டுதான் சொன்னவர், வசந்தி. சுகமாப் போய் வா எண்டு சொல்லேல்லையே" என்றார். காலைக் கழுவிவிட்டு விளக்கேற்றப் போனார். இந்த மனுசியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

குடும்பம் ஒவ்வொன்றாக வெளிநாடு போனபோது எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு வேலை கூடியது. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அழைப்பு வரும். மகேஸ், வீடு வாங்கப் போறம், ஒருக்காப் பூப் பாரன். மகேஸ் அக்கா, மகளுக்கு ஒரு பொடியன் பொருந்தி வருது, ஒருக்காப் பாருங்கோவன். அங்கே கடவுள் இல்லையா, வெற்றிலை இல்லையா என்று நான் முணுமுணுப்பேன். மச்சாள் குளித்துவிட்டு வந்து பொறுப்பாகப் பார்த்துச் சொல்வார். சிவப்பு என்றால் அந்தப் பக்கத்தில் சத்தம் இருக்காது. பிறகு விசாரித்தால் வீட்டை வாங்கியிருப்பார்கள், அந்தப் பொடியனுக்கே கொடுத்தும் இருப்பார்கள். ஒன்றும் கெட்டுப்போகவும் இல்லை. கேட்டதை மீறினவர்கள் எல்லோரும் வசதியாக இருந்தார்கள். கேட்டபடி நடந்த ஒரே ஆள் இரண்டாம் மாடியில் என்னோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அவருக்கு ஏன் கலியாணம் நடக்கவில்லை என்று நானாகக் கேட்டதில்லை. மாமி இறந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகு, ஒரு பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லில் போய் இருந்தபோது அவராகவே சொன்னார். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த புதிதில் ஒரு சம்பந்தம் வந்ததாம். மாப்பிள்ளை நில அளவையாளர், மன்னாரில் வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில் தேநீரைச் சட்டையில் கொட்டிவிட்டு, "பரவாயில்லை, பழைய சேட்தான்" என்று சிரித்தாராம். பெண் பார்க்கப் பழைய சேட் போட்டுக்கொண்டு வருகிற மனுசன் பொய் சொல்லமாட்டார் என்று மச்சாளுக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்றாம். நீலக் கோடு போட்ட சேட் என்றார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் சேட்டின் நிறம் சொல்கிறாரே!

"பிறகென்ன, மச்சாள்?"

"வேண்டாம் எண்டிட்டார்."

"ஆர், மாப்பிள்ளையோ?"

"இல்லை, பிள்ளையார்" என்றார்.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போயிருந்தாராம். மாமியும் மாமியின் தங்கையும் வீட்டில் பூக்கட்டிப் பார்த்துவிட்டு, பின்னேரம் வந்தவரிடம் சிவப்பு வந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். "நீங்களா ஒருக்காப் பாத்திருக்கலாமே" என்று நான் பாய்ந்தேன். "அம்மா கேட்டிட்டா. ஒரு விசயத்துக்கு ரெண்டு தரம் கேக்கக் கூடாது. அவர் சொன்னா ஏதோ காரணம் இருக்கும்" என்றார். கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அழவில்லை. நம்பினார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. எனக்கு யாரையும் அப்படி நம்பத் தெரியாது.

மாமியின் அந்தத் தங்கை இப்போது லண்டனில் இருக்கிறார். நான் சின்னமாமி என்று கூப்பிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்கு வந்தவர், எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தார். நல்ல மனுசி, வாய் ஓயாது. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பைப் புகழ்ந்துகொண்டே பழைய கதைகளை எடுத்துவிட்டார். யார் யாருக்கு எந்தச் சம்பந்தம் தப்பியது, யார் யாரைக் கட்டியிருக்கவேண்டும் என்று போய்க்கொண்டிருந்த கதை மன்னாருக்கு வந்தது.

"எடி மகேஸ், அந்த மன்னார் மாப்பிள்ளை நல்ல பொடியன். உன்ர கொம்மாவுக்குத்தான் பயம். தெருவில இறங்கினா ஒரு சொல்லுச் சிங்களம் தெரியாது, நீயும் போனா ஆர் பாக்கிறதெண்டு. அண்டைக்கு அக்கா மூண்டு தரமெல்லோ பூப் பாத்தவ! முதல்தரம் வெள்ளை. ரெண்டாந்தரமும் வெள்ளை. எனக்குச் சிரிப்பு. மூண்டாந்தரம் சிவப்பு வந்தாப் பிறகுதான் மனுசி அப்பாடா எண்டு கதிரையில இருந்தவ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு இது பகிடி. எங்கள் சனத்துக்கு மூன்று தரம் பார்ப்பதும் ஐந்து தரம் பார்ப்பதும் ஒரு குற்றமே இல்லை. விரும்பின பூ வரும்வரைக்கும் கேட்டுவிட்டு, வந்த பிறகு கடவுள் சொன்னார் என்பார்கள். மாமியையும் நான் பழி சொல்லவில்லை. ஊர் தெரியாத இடத்தில் பயந்துபோன பொம்பிளை அவர். ஆனால் பயம் என்று மகளிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். மகள் நின்றிருப்பார். மகேஸ் மச்சாள் நிச்சயம் நின்றிருப்பார். பிள்ளையாரின் வாயில் தன் பயத்தை வைத்துச் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் கையில் சோற்றுக் கரண்டி அப்படியே நின்றது. பிறகு, "சின்னம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?" என்று கேட்டார். போட்டார். ரசம் ஊற்றினார். சின்னமாமி போகும்வரைக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. கார் போன பிறகு பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"வசந்தி, அப்ப நான் இவ்வளவு காலமும் கீழ்ப்படிஞ்சது ஆருக்கு?" என்று கேட்டார்.

நான் உள்ளே போய்ச் சின்னமாமி சாப்பிட்ட தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அதற்குப் பிறகு அவர் பூக்கட்டவில்லை. விளக்கு வைத்தார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார், விரதம் பிடித்தார். கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். வெளிநாட்டிலிருந்து அழைத்தவர்களிடம் "நீங்களே கேளுங்கோ" என்று போனை வைத்தார். சுவாமித் தட்டில் வெற்றிலை வைக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. இதைத்தானே நான் இத்தனை வருடமும் விரும்பினேன்? ஆனால் சந்தோசப்பட முடியவில்லை. பஸ்ஸா ரயிலா என்று யோசித்து வாசலில் நின்றே களைத்துப்போவார். சந்தையில் கத்தரிக்காயா பூசணிக்காயா என்று என் முகத்தைப் பார்ப்பார். இத்தனை காலமும் ஒருவர் கையைப் பிடித்து நடந்தவரை நடு ரோட்டில் விட்டுவிட்டது மாதிரி இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் வயிற்றில் கட்டி என்று தெரியவந்தது. வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். வெட்டி எடுக்கலாம். சர்க்கரை வியாதி இருக்கிறபடியால் ஆபத்தும் இருக்கிறது. எடுக்காமல் விட்டால் நாள் அதிகம் இல்லை. முடிவு உங்களுடையது என்றார். முடிவு உங்களுடையது என்று மச்சாளிடம் போய்ச் சொன்னாரே!

மச்சாள் முடிவு எடுக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று நாட்கள் போயின. சாப்பாடு குறைந்தது, சேலை இடுப்பில் நிற்கவில்லை. சிறி கெஞ்சினார். வெளிநாட்டுச் சனமெல்லாம் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. கடைசியில் நானே கேட்டேன். அந்த வார்த்தை என் வாயில் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"மச்சாள், ஒருக்காப் பூக்கட்டிப் பாருங்கோவன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீரே சொல்லுறீர்?"

"ஓம், நான்தான் சொல்லுறன். உங்களுக்கு அவர் சொன்னாத்தானே கால் எழும்பும். கேளுங்கோ."

"ஏலாது வசந்தி. கட்டி வைச்சாலும் எனக்கு இனி அந்தப் பூவைப் பாக்கேக்க அம்மான்ர முகம்தான் தெரியும்" என்றார். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வாசலில் வெற்றிலை வாங்கினேன். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரத்தை. பழக்கமில்லாத கை, நூல் இரண்டு தரம் வழுக்கியது. ஒரே அளவாக மடித்தேனா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முந்தானைக்குள் வைத்துக் குலுக்கினேன், எனக்கே எது எதுவென்று தெரியாமல் போகும்வரைக்கும். பிள்ளையாருக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றேன். எனக்குத் தேவாரம் ஒழுங்காக வராது. "நான் உம்மட ஆள் இல்லை எண்டு உமக்குத் தெரியும். இது எனக்கில்லை. மகேஸ்வரிக்கு. ஒப்பரேசன் செய்யவோ, விடவோ, சொல்லும். ஒருதரம்தான் கேப்பன்" என்றேன். அர்ச்சனைக்கு நின்ற, முன்பின் தெரியாத ஓர் அம்மாவைக் கூப்பிட்டு ஒன்றை எடுத்துத் தரச் சொன்னேன். நூலின் முடிச்சைப் பிடித்தேன். சிவப்பு வந்தால் என்ன செய்வேன் என்று அப்போதுதான் யோசித்தேன். வீட்டுக்குப் போய் அதையும் சொல்லத்தான் போகிறேன் என்று முடிவெடுத்துக்கொண்டு பிரித்தேன்.

வெள்ளை வந்தது. கோயில் என்றும் பார்க்காமல் விக்கி விக்கி அழுதேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டில் விளிம்பில் இருந்தேன். மூச்சு வாங்கியது. "மச்சாள், கோயிலுக்குப் போனனான். பூ வைச்சனான். வெள்ளை."

மச்சாள் திரும்பினார். என் முகத்தையே பார்த்தார்.

"எத்தனை தரம் பாத்தனீர்?"

சின்னமாமி சோற்றுக்கு முன்னால் சிரித்த சிரிப்பு செய்த வேலை அந்தக் கேள்வியில் இருந்தது.

"ஒருக்காத்தான், மச்சாள். உங்கட தம்பி ஆணை. சிவப்பு வந்திருந்தாலும் வந்து சொல்லியிருப்பன்."

"என்ன கேட்டனீர்?"

"செய்யவோ, விடவோ எண்டு."

"தப்புவாவோ எண்டு கேக்கேல்லையே?"

"இல்லை."

"நல்லது. அது நாங்கள் கேக்கிற கேள்வி இல்லை" என்றார். பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவர் முகம் தெளிந்தது. இரண்டு வருடமாக நான் காணாத முகம். "நீர் அவரை நம்பாத ஆள். உமக்கு அவரிட்டை ஒரு காரியமும் இல்லை. நீர் ஒருக்காக் கேட்டு வெள்ளை எண்டா, அது அவர் சொன்னதுதான்" என்றார். எழுந்து இருந்து தேநீர் கேட்டார். குடித்தார். "டொக்டருக்கு போன் பண்ணும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்த அந்தச் சில நாட்களும் அவர் ஒரு சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் சிங்களத்தில் ஆறுதல் சொன்னார். சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "பயப்படாதையும், அவர் சொன்னதைத்தானே செய்யிறம்" என்றார். என்னை நோக்கி அவர் சொன்ன கடைசி வசனம் அதுதான். கட்டியை எடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்கள், அவர்களில் குறையில்லை. பிறகு காய்ச்சல் வந்தது, கிருமி இரத்தத்தில் ஏறியது, அவர் கண் திறக்கவே இல்லை.

உடலைப் பொரளையில் மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். வந்தவர்களெல்லாம் கடவுள் சித்தம் என்றார்கள். ஒரு குறையும் இல்லாமல் போயிருக்கிறா, நல்ல சா என்றார்கள். பெட்டியை எடுக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது லண்டனிலிருந்து சின்னமாமி வீடியோவில் வந்தார். அழுதார், உண்மையாகத்தான் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, நீ பூப் பாத்தனி எண்டு சிறி சொன்னான். வெள்ளையே வந்தது?"

"ஓம், சின்னமாமி."

"ஒருக்காத்தானோ பாத்தனி?"

"ஓம்."

"ச்சா! இவ்வளவு பெரிய விசயத்துக்கு இன்னொருக்காப் பாத்திருக்கலாமே, பிள்ளை."

போனைச் சிறியிடம் நீட்டினேன். நீட்டாவிட்டால் அந்தப் பளிங்குத் தரையில் அடித்து உடைத்திருப்பேன். இன்னொருக்கால் பார்த்திருக்கலாமாம். பார்த்திருந்தால் சிவப்பு வந்திருக்கும், கட்டியை வெட்டாமல் வைத்துக்கொண்டு இருந்திருப்போம், அதுவும் சாவுதான். இல்லை, வெள்ளையே வந்திருக்கும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றை இரண்டாம் தரம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிற சனத்துக்கு நடுவில்தான் மச்சாள் ஒரு ஆயுள் முழுக்க இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கோயில் பக்கம் போகவில்லை. ஐயர் தெருவில் கண்டு விசாரித்தார், காணவில்லையே என்று. "அவரோட கோபம், ஐயா" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மச்சாள் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செய் என்றுதானே சொன்னவர், பிழைப்பாய் என்று சொல்லவில்லையே என்பார். அதை வைத்து அவர் ஆறியிருப்பார். எனக்கு ஆறவில்லை. அப்படி ஒரு நம்பிக்கைக்கு முன்னால், கேட்காததையும் கொஞ்சம் தந்திருக்கலாம் பிள்ளையார்.

அன்றைக்கு மலர்ச்சாலையில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்தேன். யாரோ கட்டிவிட்ட சேலை, அவர் கட்டுகிற மாதிரி இல்லை.

போய்வாருங்கள், மச்சாள். மாமி பொய்யாகக் கேட்டு உங்களிடம் சொன்னார், நீங்கள் நம்பினீர்கள். நான் உண்மையாகக் கேட்டுச் சொன்னேன், அதையும் நம்பினீர்கள். நான் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.